மரபணு வைத்தியத்தின் கதை – 17: ஒரு நாள் எலிக்குஞ்சு

பிறந்து ஒரு நாள் ஆன சுண்டெலிக் குஞ்சைக் கையில் எடுத்துப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது அதன் வயிறு. தோல் அவ்வளவு மெல்லியது. குடித்த பால் உள்ளே வெள்ளைத் திட்டாகத் தேங்கி நிற்பது வெளியிலிருந்தே தெரியும். மேலே ரோமம் கிடையாது, கண் திறந்திருக்காது, எடை ஒன்றரை கிராமைத் தொட்டால் அதிகம். தலையின் பக்கவாட்டில், காது முளைக்கப் போகும் இடத்துக்குச் சற்று முன்னால், நூலிழை கனத்தில் ஒரு கருநீலக் கோடு ஓடும். அது ஒரு சிரை. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், கொலம்பஸ் நகரத்து நேஷன்வைட் குழந்தைகள் மருத்துவமனையின் ஆய்வகத்தில், அந்தக் கோட்டுக்குள்தான் ஊசி இறங்கியது. பிரையன் காஸ்பரின் ஆய்வகம் அது. சோதனைகளை முன்னின்று செய்தவர் கெவின் ஃபவுஸ்ட் என்ற இளம் ஆய்வாளர்.

ஊசியில் இருந்தது ஏஏவி9 என்ற வைரஸ். அதன் சொந்தச் சரக்கை வெளியே எடுத்துவிட்டு, பச்சையாக ஒளிரும் ஒரு புரதத்துக்கான மரபணுவை உள்ளே வைத்திருந்தார்கள். ஜெல்லிமீனிடம் கடன் வாங்கிய மரபணு. வைரஸ் எந்த உயிரணுவுக்குள் போய்ச் சேர்கிறதோ அந்த உயிரணு பச்சையாக ஒளிரும். ரத்தத்தில் செலுத்தினால் கல்லீரலும் இதயமும் தசையும் ஒளிரும் என்பது எல்லோரும் எதிர்பார்த்ததுதான். தண்டுவடத்தைச் சீவல் சீவலாக அறுத்து நுண்ணோக்கியின் கீழ் வைத்தபோதுதான் எதிர்பாராதது நடந்தது. தண்டுவடத்தின் முன்பகுதியில் வரிசையாக இருக்கும் பெரிய இயக்க நரம்பணுக்கள், கையையும் காலையும் மூச்சுத் தசைகளையும் ஆட்டிவைக்கும் அந்த நரம்பணுக்கள், பச்சையாக ஒளிர்ந்தன. 2009-ல் ‘நேச்சர் பயோடெக்னாலஜி’ இதழில் இது வெளியானது. அதே ஆண்டில் பிரான்சில் மார்ட்டீன் பர்காவின் குழுவும் எலிகளிலும் பூனைகளிலும் இதே முடிவைக் கண்டது.

இதில் என்ன பெரிய அதிசயம் என்று கேட்பவர்கள் இந்தத் தொடரின் முந்தைய பகுதிகளை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும். மூளைக்கும் தண்டுவடத்துக்கும் போகும் ரத்தக் குழாய்களின் உட்சுவர் மற்ற இடங்களைப் போல இருக்காது. அங்கே அணுக்கள் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்து நிற்கும். ரத்தத்தில் வருவதெல்லாம் நரம்புக்குள் போய்விடாதபடி உடம்பு கட்டிவைத்த மதில் அது. வைரஸ் எம்மாத்திரம், பெரும்பாலான மாத்திரைகளே அதைத் தாண்டுவதில்லை. அதனால்தான் 2001-ல் கானவன் நோய்க் குழந்தைகளுக்கு மரபணு வைத்தியம் செய்தபோது மண்டையோட்டில் ஆறு துளைகள் போட்டு, மூளைக்குள் நேராகச் செலுத்தினார்கள். தண்டுவடமோ நீண்ட உறுப்பு. கழுத்திலிருந்து இடுப்பு வரை பரவிக் கிடக்கும் இயக்க நரம்பணுக்களைத் துளை போட்டு எட்டுவது நடக்காத காரியம். ஒரு சிரையில் போட்ட ஊசி அத்தனை தூரத்தையும் ஒரே மூச்சில் எட்டிவிட்டது.

இந்த ஊசிக்காக ஒரு நோய் நூறு ஆண்டுக்கு மேல் காத்துக்கொண்டிருந்தது. 1891-ல் ஆஸ்திரிய மருத்துவர் கீடோ வெர்ட்னிக் இரண்டு அண்ணன் தம்பிகளைப் பற்றி எழுதினார். நன்றாகப் பிறந்த குழந்தைகள், சில மாதங்களில் துவண்டு போனார்கள். 1893-ல் ஹைடெல்பர்க்கில் யோஹான் ஹாஃப்மன் இதே நோயை விவரித்து எழுதத் தொடங்கினார். முதுகுத்தண்டுவடத் தசைச் சிதைவு என்று இன்று நாம் சொல்லும் நோய். சுருக்கமாக எஸ்எம்ஏ.

அதன் கடுமையான முதல் வகை வந்த குழந்தையை ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார். மல்லாக்கப் போட்டால் தொடைகள் இரண்டும் தவளையின் கால்போல அகன்று பாயில் ஒட்டிக் கிடக்கும். தலையைத் தூக்க முடியாது. விலா எலும்புத் தசைகள் சோர்ந்துவிடுவதால் மார்பு உள்ளொடுங்கி வயிறு மட்டும் ஏறி இறங்கும். நாக்கின் மேல், மழைத்துளி விழுந்த நீரில்போல, சின்னச் சின்னத் துடிப்புகள் ஓடும். அழுகைக் குரல் கீச்சென்று தேய்ந்திருக்கும். இத்தனைக்கும் நடுவே கண்கள் மட்டும் பளிச்சென்று, அம்மா போகும் பக்கமெல்லாம் திரும்பிக்கொண்டிருக்கும். நோய் அறிவைத் தொடுவதில்லை. குழந்தைக்கு எல்லாம் புரிகிறது, உடம்புதான் அசைய மறுக்கிறது. சிகிச்சை இல்லாத காலத்தில் இவர்களில் பெரும்பாலோர் இரண்டாவது பிறந்தநாளைக் கண்டதில்லை. ஏறக்குறைய பத்தாயிரம் பிறப்பில் ஒன்று என்ற கணக்கில் வருவதால் இதை அரிய நோய் என்கிறார்கள். ஆனால் நோயைச் சுமப்பவர்கள் அரிதில்லை. சுமார் ஐம்பது பேரில் ஒருவர். தங்களுக்கு எந்தக் குறையும் இல்லாமல் நோயைச் சுமக்கும் இருவர் மணந்துகொண்டால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து.

காரணமான மரபணுவை 1995-ல் பாரிசின் நெக்கர் மருத்துவமனையில் ஜூடித் மெல்கியின் குழு பிடித்தது. ஐந்தாவது குரோமோசோமில் இருக்கும் எஸ்எம்என்1. அவர்கள் சோதித்த 229 நோயாளிகளில் 226 பேரிடம் அந்த மரபணு இல்லை, அல்லது அறுந்து கிடந்தது. மீதி மூவரிடம் சிறு பிழைகள் இருந்தன. மரபணு வேட்டையில் இவ்வளவு துல்லியமான விடை கிடைப்பது அபூர்வம்.

இதில் இன்னொரு விசித்திரமும் இருந்தது. மனிதர்களிடம் இந்த மரபணுவுக்கு எஸ்எம்என்2 என்று ஓர் இரட்டை உண்டு. கிட்டத்தட்ட எழுத்துக்கு எழுத்து அதே நகல். ஏழாவது பகுதியில் மட்டும் ஓர் எழுத்து மாறியிருக்கிறது. அந்த ஓர் எழுத்தால், அச்சடித்த தாள்களைக் கோத்துப் புத்தகம் தைக்கும்போது ஒரு தாள் விட்டுப்போவதுபோல, ஏழாவது பகுதி பெரும்பாலும் விட்டுப்போகிறது. விட்டுப்போன புரதம் நிலைப்பதில்லை. பத்தில் ஒன்றுதான் முழுமையாக வருகிறது. முதல் மரபணு பழுதான குழந்தை அந்தப் பத்தில் ஒன்றை நம்பித்தான் பிறக்கிறது, சில மாதம் வாழ்கிறது. எஸ்எம்என்2-ன் நகல்கள் கூடுதலாக இருந்தால் நோயின் வேகம் தணிகிறது. எலிக்கு இந்த இரட்டை மரபணு இயற்கையில் கிடையாது. ஒஹையோ அரசுப் பல்கலைக்கழகத்தின் ஆர்தர் பர்கஸின் குழு, எலியின் சொந்த மரபணுவை நீக்கிவிட்டு மனிதனின் எஸ்எம்என்2-ஐ அதற்குள் வைத்து எஸ்எம்ஏ எலிகளை உருவாக்கியது. அந்தக் குஞ்சுகள் சுமார் இரண்டு வாரத்தில் இறந்துவிடும். காஸ்பரின் ஆய்வகம் அதே ஊரில் இருந்தது. வைரஸும் எலியும் ஒரே ஊரில் இருந்தது குழந்தைகளின் நல்லூழ் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

வைரஸ் வந்த வழியையும் சொல்ல வேண்டும். 1965-ல் பிட்ஸ்பர்க்கில் அடினோ வைரஸை ஆராய்ந்துகொண்டிருந்த ராபர்ட் அட்சிசன் குழுவினர், மின்னணு நுண்ணோக்கிப் படங்களில் அதனருகே கடுகுபோல் மிகச் சிறிய துகள்கள் ஒட்டிக்கொண்டிருப்பதைக் கண்டார்கள். தனியாக இருந்தால் பெருகத் தெரியாத, இன்னொரு வைரஸின் தயவில் வாழும் ஒட்டுக்குடி. அதுதான் ஏஏவி. மனிதனுக்கு எந்த நோயையும் அது தந்ததாகத் தெரியவில்லை. நோய் தராத வைரஸைப் பற்றி மருத்துவ உலகம் வெகுகாலம் கவலைப்படவுமில்லை.

அதைத் தேடிப் போக வைத்தது ஒரு மரணம். 1999 செப்டம்பரில் பென்சில்வேனியா பல்கலைக்கழகச் சோதனையில் 18 வயது ஜெஸ்ஸி கெல்சிங்கர் இறந்ததை இந்தத் தொடரில் விரிவாகப் பார்த்தோம். அங்கே பயன்பட்டது அடினோ வைரஸ். உடம்பின் எதிர்ப்புச் சக்தியை மூர்க்கமாகக் கிளப்பிவிட்டது. அந்தச் சோதனையை நடத்திய ஜேம்ஸ் வில்சனின் ஆய்வகம் பிறகு சாதுவான ஏஏவி பக்கம் முழுமையாகத் திரும்பியது. அங்கே குவாங்பிங் காவ், மனிதத் திசுக்களிலும் குரங்குத் திசுக்களிலும் ஒளிந்திருக்கும் புதிய ஏஏவி வகைகளைத் துருவித் தேடினார். 2004-ல் அவர்கள் வெளியிட்ட பட்டியலில் ஒன்பதாம் எண்ணோடு இருந்தது ஏஏவி9. ஒரு பிள்ளையின் சாவுக்குக் காரணமான அதே ஆய்வகத்திலிருந்துதான், பின்னால் ஆயிரக்கணக்கான பிள்ளைகளைக் காப்பாற்றிய வைரஸும் வந்தது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஜெஸ்ஸியின் முகம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது.

இந்த வைரஸின் பை மிகச் சிறியது. சுமார் 4,700 எழுத்துகள்தான் கொள்ளும். டூஷென் தசைச் சிதைவு நோயின் மரபணு இதில் அடங்காமல் பல ஆண்டு தண்ணி காட்டியது. எஸ்எம்என் மரபணுவின் சாரமோ 900 எழுத்துகளுக்குள் முடிந்துவிடும். இடம் தாராளமாக மிஞ்சியதால், மரபணுவை இரட்டை இழையாகவே மடித்து வைக்க முடிந்தது. உயிரணுவுக்குள் போனதும் அது காத்திராமல் உடனே வேலை செய்யும். உள்ளே போன மரபணு குரோமோசோமில் பெரும்பாலும் ஒட்டுவதில்லை; உட்கருவில் தனி வளையமாகத் தங்கிவிடும். கல்லீரல் அணுக்கள் பிரியப் பிரிய அது நீர்த்துப்போகும். இயக்க நரம்பணு பிரிவதே இல்லை என்பதால் அங்கே அது நீர்த்துப்போக வழியில்லை.

இப்போது 2010-க்கு வருவோம். இந்தப் பகுதியில் நான் சொல்ல வந்ததே அந்த ஆண்டின் சோதனைதான். எஸ்எம்ஏ எலிக்குஞ்சுகளுக்குப் பிறந்த முதல் நாளில் ஏஏவி9 வழியாக எஸ்எம்என் மரபணுவைக் கொடுத்தார்கள். பதினைந்து நாளில் சாக வேண்டிய குஞ்சுகள் 250 நாளைத் தாண்டி வாழ்ந்தன. கவிழ்த்துப் போட்டால் தாமாகவே நிமிர்ந்தன, ஓடின. அதோடு நிறுத்தியிருந்தால் அது ஒரு வெற்றிச் செய்தியாக முடிந்திருக்கும். அவர்கள் இன்னொரு கேள்வியையும் கேட்டார்கள்: தாமதமானால் என்ன ஆகும்? இரண்டாம் நாளில் கொடுத்தவை முதல் நாள் குஞ்சுகளைப் போலவே தேறின. ஐந்தாம் நாளில் கொடுத்தவை ஏறக்குறைய இரண்டு வாரமே கூடுதலாக வாழ்ந்தன. பத்தாம் நாளில் கொடுத்தவற்றுக்குப் பெரிதாக ஒன்றும் பயன் இல்லை. மருந்து அதேதான், எலியும் அதே எலிதான்.

இரண்டு காரணங்கள். எலிக்குஞ்சு வளர வளர ரத்தத்துக்கும் நரம்புக்கும் இடையிலான அந்த மதில் முதிர்கிறது. வைரஸ் நரம்பணுக்களுக்குள் போவது குறைந்து, அவற்றைச் சுற்றியிருக்கும் துணை அணுக்களுக்குள் போவது கூடுகிறது. அதைவிடப் பெரிய காரணம், செத்த நரம்பணு செத்ததுதான். மரபணு வைத்தியம் உயிரோடிருக்கும் அணுவை மட்டுமே காப்பாற்றும். இறந்ததை எழுப்பாது. பின்னால் நடந்த ஒவ்வொன்றையும், விலை, குலுக்கல், நிதி திரட்டல், குதிகால் ரத்தச் சொட்டு எல்லாவற்றையும், அந்தப் பத்தாம் நாள் எலிக்குஞ்சை மனத்தில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

2014 மே மாதத்தில் கொலம்பஸில் முதல் குழந்தைக்கு மருந்து ஏறியது. சோதனையை நடத்தியவர் ஜெர்ரி மெண்டல். தசை நோய்க் குழந்தைகளோடு வாழ்நாளைக் கழித்த மருத்துவர். முதல் மூன்று குழந்தைகளுக்குக் குறைந்த அளவு, அடுத்த பன்னிரண்டு பேருக்கு அதன் மூன்று மடங்கு. அந்தப் பெரிய அளவை எழுதிப் பார்த்தால் தலை சுற்றும்: உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் இரண்டு கோடி கோடி வைரஸ் துகள்கள். ஆறு கிலோ குழந்தைக்குப் பன்னிரண்டு கோடி கோடி. மனித உடம்பில் அதுவரை யாரும் துணியாத அளவு. வெளியிலிருந்து பார்த்தால் சாதாரண டிரிப்ஸ்தான். ஒரு மணி நேரத்தில் ஏறி முடிந்துவிடும்.

முதல் குழந்தையின் கல்லீரல் நொதிகள் தாறுமாறாக உயர்ந்தன. கெல்சிங்கரை நினைவில் வைத்திருந்த எவருக்கும் அந்த நாட்களில் தூக்கம் வந்திருக்காது. பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்தார்கள், அடங்கியது. அதன் பிறகு எல்லாக் குழந்தைகளுக்கும் ஊசிக்கு முன்னாலேயே ஸ்டீராய்டு தொடங்கப்பட்டது. டூஷென் நோய்க் குழந்தைகளின் தசை பலத்தை இதே குடும்பத்து ஸ்டீராய்டு கூட்டுகிறது என்று 1989-ல் காட்டிய ஆய்வும் மெண்டலுடையதுதான். இருபத்தைந்து ஆண்டு கழித்து அவருடைய பழைய மருந்தே அவருக்குக் கைகொடுத்தது.

2017 நவம்பரில் முடிவுகள் வந்தன. இருபது மாத வயதில் பதினைந்து குழந்தைகளும் உயிரோடு இருந்தார்கள், ஒருவருக்கும் நிரந்தரச் சுவாசக் கருவி தேவைப்படவில்லை. சிகிச்சை இல்லாத முந்தைய குழந்தைகளில் அந்த வயதில் அப்படி இருந்தவர்கள் நூற்றுக்கு எட்டுப் பேர். பெரிய அளவு மருந்து பெற்ற பன்னிரண்டு பேரில் பதினொரு பேர் துணையில்லாமல் உட்கார்ந்தார்கள். பதினொரு பேர் பேசினார்கள். இருவர் எழுந்து நடந்தார்கள். முதல் வகை எஸ்எம்ஏ குழந்தை தானாக உட்காராது என்பது அந்த நோயின் இலக்கணம். பாடப்புத்தகத்தில் எழுதியிருந்த அந்த வரியைப் பதினொரு குழந்தைகள் உட்கார்ந்து அழித்தார்கள்.

ஆனால் ஏன் இருவர் மட்டும் நடந்தார்கள்? அந்தப் பன்னிரண்டு பேரும் மருந்து பெற்றபோது சராசரி வயது மூன்று மாதம் தாண்டியிருந்தது. நோய் அதற்குள் தன் வேலையைத் தொடங்கிவிட்டது.

2019 மே 24 அன்று, இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அமெரிக்க எஃப்டிஏ அனுமதி தந்தது. பெயர் ஸோல்ஜென்ஸ்மா. ஆய்வகத்திலிருந்து மருந்தை வளர்த்தெடுத்த அவெக்ஸிஸ் நிறுவனத்தை நோவார்ட்டிஸ் முந்தைய ஆண்டே 870 கோடி டாலருக்கு வாங்கியிருந்தது. ஒரு குழந்தைக்கான விலை அப்போது 21 லட்சத்து 25 ஆயிரம் டாலர். 2019 ஆகஸ்டில், எலிகளில் நடந்த தரச் சோதனை ஒன்றின் தரவுகள் திருத்தப்பட்டிருந்தன என்றும் அனுமதிக்கு முன்பே நிறுவனத்துக்கு அது தெரியும் என்றும் எஃப்டிஏ பகிரங்கமாகச் சொன்னது. குழந்தைகளில் கண்ட பலனை அது பாதிக்கவில்லை, மருந்து சந்தையில் தொடர்ந்தது. இருந்தாலும் பெற்றோரின் நம்பிக்கையில் நிற்கும் ஒரு வைத்தியத்தில் இப்படி ஒரு கறை விழுந்ததை என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. 2022-ல் ரஷ்யாவிலும் கஜகஸ்தானிலும் இரண்டு குழந்தைகள் ஊசிக்குப் பின் கல்லீரல் செயலிழந்து இறந்தார்கள். ஊசிக்குப் பின் பல வாரம் ரத்தப் பரிசோதனை செய்வது சடங்கு இல்லை என்பதற்கு அந்த இரண்டு உயிர்கள் சாட்சி.

மருந்து அனுமதி பெறாத நாடுகளின் குழந்தைகளுக்காக, 2020 தொடங்கி ஆண்டுக்கு நூறு டோஸ் வரை இலவசம் என்று நோவார்ட்டிஸ் அறிவித்தது. யாருக்கு என்பதைக் குலுக்கல் முடிவு செய்யும். நோயாளிகளின் அமைப்புகள் பல கொதித்துப் போயின. பெற்ற பிள்ளையின் உயிருக்காகக் குலுக்கல் சீட்டுக்குக் காத்திருப்பது எப்படிப்பட்டது என்று யோசித்துப் பாருங்கள்.

நம் ஊரில் இந்த மருந்துக்கு ‘16 கோடி ஊசி’ என்றே பெயர் வந்துவிட்டது. 2021-ல் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் மகாராஷ்டிரத்திலும் பெற்றோர்கள் சமூக ஊடகங்களில் கையேந்தினார்கள். முன்பின் தெரியாதவர்கள் நூறும் ஐந்நூறுமாக அனுப்பினார்கள். இறக்குமதி வரியும் ஜிஎஸ்டியும் மட்டுமே கோடிகளில் வர, அரசு விலக்கு கொடுத்தது. சில குழந்தைகளுக்கு ஊசி கிடைத்தது. அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையின்படி அரசு இன்று ஒரு நோயாளிக்குக் கொடுக்கும் உச்ச உதவி 50 லட்சம் ரூபாய். 16 கோடி சேர மாதங்கள் ஆகும். சேரும் ஒவ்வொரு வாரமும் குழந்தையின் தண்டுவடத்தில் நரம்பணுக்கள் உதிர்ந்துகொண்டிருக்கும். ஈர நெஞ்சோடு நூறு ரூபாய் அனுப்பிய அத்தனை பேரையும் கும்பிடத் தோன்றுகிறது. அந்த நூறு ரூபாய்கள் ஒன்றுசேர்வதற்குள் குழந்தை பத்தாம் நாள் எலிக்குஞ்சாகிவிடுகிறது என்பதுதான் நெஞ்சை அறுக்கிறது.

ஆகவே தேதியை முன்னால் கொண்டுவருவதுதான் அடுத்த வேலையாயிற்று. பிறந்த ஓரிரு நாளில் குழந்தையின் குதிகாலின் ஓரத்தைத் துடைத்து, சிறு முனையால் குத்தி, முதல் சொட்டைப் பஞ்சில் ஒற்றிவிட்டு, அடுத்த சொட்டுகளைத் தடித்த வடிதாளில் அச்சிட்ட வட்டங்களுக்குள் ஊற விடுவார்கள். 1960-களில் ராபர்ட் கத்ரி வேறொரு நோய்க்காகக் கொண்டுவந்த வழி. காய்ந்த அந்த ரத்த வட்டத்திலிருந்து ஒரு சின்னத் துண்டு போதும், எஸ்எம்என்1-ன் ஏழாவது பகுதி இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடலாம். சிறு பிழைகளால் வரும் நோயை, நூற்றுக்கு ஐந்து பேர் அளவில், இது தவறவிடும். 2018 ஜூலையில் அமெரிக்கா இதைப் பிறந்த குழந்தைகளுக்கான பரிசோதனைப் பரிந்துரைப் பட்டியலில் சேர்த்தது. இந்தியாவில் எல்லாக் குழந்தைகளுக்கும் இதைச் செய்யும் தேசியத் திட்டம் இல்லை.

அப்படிக் கண்டுபிடித்து, அறிகுறி ஒன்றுகூடத் தோன்றுவதற்கு முன்பே, பிறந்த ஆறு வாரத்துக்குள் மருந்து பெற்ற குழந்தைகளின் சோதனை முடிவு 2022-ல் வெளியானது. எஸ்எம்என்2 இரண்டே நகல் உள்ளவர்கள், அதாவது கடுமையான வகைக்கு விதிக்கப்பட்டவர்கள், பதினான்கு பேர். பதினான்கு பேரும் தாமாக உட்கார்ந்தார்கள். பெரும்பாலோர் நடந்தார்கள். உணவூட்டும் குழாய் யாருக்கும் தேவைப்படவில்லை. சராசரியாக மூன்று மாதம் கழித்துப் பெற்றவர்களில் பன்னிரண்டுக்கு இருவர் நடந்த அதே மருந்து.

இந்த நோயில் நரம்பணு சாகிறது, அதனால் நாள் தப்பினால் போச்சு. நரம்பணு சாகாமல், தனக்கு வேண்டிய ஒரு நொதியைச் செய்யத் தெரியாமல் மட்டும் முடங்கிக் கிடந்தால்? 2010-ல் தைபேயில், தைவான் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையில், கழுத்து நிற்காத, நான்கு முதல் ஆறு வயது வரையிலான நான்கு பிள்ளைகளின் மூளைக்குள் ஊ லியாங் ஹ்வூவின் குழு ஒரு மரபணுவைச் செலுத்தியது. அந்த வயதிலும் அவர்களுக்குக் காலம் கடந்துவிடவில்லை. அவர்களைப் பற்றி அடுத்த இதழில்.

(தொடரும்)